நாலரை மணிப் பசிக்கு: புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு மடல்



2024 பிப்ரவரி உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எடுத்துச் சோதித்தார்கள். துணிக்குப் போடும் சாயமான ரோடமின்-பி அதில் இருந்தது தெரிந்தது. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் தடையை அறிவித்தார். பிப்ரவரி 17ஆம் தேதி தமிழ்நாடும் தடை போட்டது. நம்ம ஊர் முந்திக்கொண்டதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல். பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்த கை சும்மா இருக்கவில்லை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுக்குப் போனது. பள்ளி வேன் தெருமுனையில் நிற்கும். புத்தகப் பை நம் தோளுக்கு மாறும், பிள்ளையின் கை பெட்டிக்கடைப் பக்கம் நீளும். முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, லாஸ்பேட்டை, நெல்லித்தோப்பு எங்கே போனாலும் சாயங்காலம் இதுதான் காட்சி. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைக்கு வருவது நிஜமான பசி. மதியம் சாப்பிட்டது எப்போதோ கரைந்துவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1930இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கிய ஊர் இது. மதியத்தை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. நாலரை மணி மட்டும் என்றைக்கும் வீட்டின் பொறுப்பாகவே இருந்திருக்கிறது.

அந்த நாலரை மணிக்கு ஏன் வீட்டில் ஒன்றும் இல்லை? நேரம் இல்லை என்கிறோம். அது பாதி உண்மை. பலகாரம் என்றாலே நமக்குத் தீபாவளிதான் மனதில் வருகிறது. மாவு அரைக்க வேண்டும், எண்ணெய்ச் சட்டி ஏற்ற வேண்டும், பெரிய பெரிய தூக்கில் நிரப்ப வேண்டும், நான்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அவ்வளவு பெரிய வேலையாக நினைத்தால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாருக்குக் கை ஓடும்?

ஆனால் செய்வதற்கு எளிதான பண்டங்களையும் நாம் பண்டிகைக்கே பூட்டி வைத்துவிட்டோம். சுண்டல் நவராத்திரிக்கு. கொழுக்கட்டை பிள்ளையார் சதுர்த்திக்கு. பொரி ஆயுத பூஜைக்கு. மூன்றும் இருபது நிமிட வேலை. எண்ணெய்ச் சட்டியே வேண்டாம். மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், கொழுக்கட்டை எப்போது சாப்பிட்டாய் என்று. போன வருஷம் என்று சொல்லும். அந்தப் பதிலை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். நாள் கிழமை பார்க்காமல், கொஞ்சமாக, ஒரு வேளைக்கு மட்டும் செய்யுங்கள். ஒரு ஆழாக்குக்கு மேல் போக வேண்டாம். செய்த அன்றே தீர வேண்டும். தீர்ந்தால்தான் மறுபடியும் செய்யத் தோன்றும்.

நான் முதலில் சிபாரிசு செய்வது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று நம்மைச் சுற்றிலும் விளைகிறது. பெரிய மார்க்கெட்டில் எப்போதும் கிடைக்கும். பருப்பில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். பச்சைக் காய் வரும் காலத்தில் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்தால் போதும்; அதைவிட நல்ல சாயங்காலத் தீனி எனக்குத் தெரியாது. பச்சைக் காய் இல்லாத காலத்துக்குத்தான் உருண்டை.

உருண்டை என்றதும் பாகுப் பதம் நினைவுக்கு வந்து பயப்படுகிறவர்கள் நிறைய. பாகு கொஞ்சம் முந்தினால் உருண்டை இளகும், பிந்தினால் பல்லை உடைக்கும். பாகே இல்லாமல் செய்யலாம். ஒரு ஆழாக்குப் பருப்பைச் சின்னத் தீயில் வறுங்கள். தோல் வெடித்து, வாசனை எழும்பி, இரண்டு விரலால் தேய்த்தால் தோல் தனியாக வரும்போது இறக்கிவிடுங்கள். ஒரு தட்டில் கொட்டி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும், அதனால் ஆறவிடுவது முக்கியம். தோலை முறத்தில் புடைத்துவிட்டு, பருப்பை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, ஒரு நொடி ஓட்டி நிறுத்தி. கொரகொரப்பாக வந்ததும் கால் ஆழாக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொடித்த வெல்லம், ஒரு ஏலக்காய், ஒரே ஒரு கல் உப்பு. இன்னும் இரண்டு சுற்று. இப்போது மூடியைத் திறந்து கையில் எடுத்துப் பாருங்கள். பார்க்க உதிரியாகத்தான் இருக்கும். இறுக்கிப் பிடித்தால் மல்லாட்டையின் எண்ணெய் கசிந்து தானாகவே ஒட்டிக்கொள்ளும். நெய் வேண்டாம், தண்ணீர் கூடவே கூடாது. உள்ளங்கையில் எண்ணெய் மினுமினுக்கும். உருட்டியது உருட்டியபடி நிற்கும்.

இதில் பிள்ளைக்கு வேலை இருக்கிறது. தோல் உரிப்பதும் உருட்டுவதும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூட வரும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆயா உருட்ட, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தனக்கென்று சின்னச் சின்னதாக உருட்டும். "ஆயா, உன்னுது பெருசு, என்னுதுதான் அழகு" என்று அது சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். தான் உருட்டியதைப் பிள்ளை மிச்சம் வைப்பதே இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்பைப் பொறுக்கித் தூரப் போடுங்கள். வறுத்தாலும் அதன் விஷம் போகாது. நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுப் பருப்பைக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

சுண்டலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொண்டைக்கடலையோ பட்டாணியோ ஊறப் போட்டுவிட்டுப் போங்கள். சாயங்காலம் வந்து குக்கரில் வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் வெந்துவிடும். ஊறப்போட மறந்த நாளில் காராமணி கைகொடுக்கும், சீக்கிரம் வேகும். கடற்கரையில் விற்பது போல மாங்காயைப் பொடியாக நறுக்கித் தேங்காயோடு தூவுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் அந்த மாங்காய்க்காகத்தான் சாப்பிடுகின்றன, சாப்பிடட்டும்.

இனி நம்ம ஊருக்கே உரிய ஒன்று. தமிழ்நாட்டு ஊர்க்காரர்களுக்கு எளிதில் கிடைக்காதது நமக்குத் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது: நீட்டு ரொட்டி. காலையில் வாங்கும்போது மேல் தோல் மொறுமொறு என்று இருக்கும். மறுநாள் கட்டையாகிவிடும். அதைக் காக்காய்க்குப் போடுகிறோம், இல்லை குப்பைக்குப் போகிறது. பிரெஞ்சுப் பழக்கம் உள்ள கிரியோல் வீடுகளில் அந்தக் கட்டை ரொட்டியில்தான் பேன் பெர்தூ செய்தார்கள். அது அவர்கள் வீட்டோடு நின்றுவிடக் கூடாத பண்டம். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் கூட ஆகாது.

ரொட்டியைப் பெருவிரல் தடிமனுக்குச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முட்டை, ஒரு சின்ன டம்ளர் பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. கிரியோல் வீட்டில் வெனிலா போடுவார்கள், எனக்கு ஏலக்காய்தான் பிடிக்கும். நன்றாக அடித்து அகலத் தட்டில் ஊற்றி, ரொட்டித் துண்டுகளை ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். புது ரொட்டி என்றால் இந்த இடத்தில் குழைந்து பிய்ந்துவிடும். பழைய ரொட்டி காய்ந்திருப்பதால் பாலை உறிஞ்சிக்கொண்டும் உருக்குலையாமல் நிற்கும். தோசைக்கல்லில் அரை ஸ்பூன் நெய், சின்னத் தீ. தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே முட்டை பச்சையாகவே இருக்கும். ஓரம் பொன்னிறமாகி, நடுவில் விரலால் அழுத்தினால் மெத்தென்று எழும்பி வந்தால் எடுத்துவிடலாம். முட்டை சேர்க்காத வீட்டில் பாலில் ஒரு ஸ்பூன் கடலை மாவைக் கரைத்துச் செய்யலாம். சர்க்கரை வேண்டாம் என்றால் வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் போட்டுக் காரமாகவும் செய்யலாம். மழை நாளில் காரம்தான் நன்றாக இருக்கிறது.

கிரியோல் வீட்டுச் சமையலைப் பற்றி லூர்து திருவாஞ்சியம்-லூயி 2012இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த வகையான ஒன்று தமிழில் எளிய விலையில் நம் பிள்ளைகள் கைக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. இந்த ஊரின் பலகாரங்கள் ஒரு சாதிக்கோ ஒரு மதத்துக்கோ ஒரு வீதிக்கோ உரியவை இல்லை. ரவையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு இங்கே செய்யும் விவிகம் கேக்குக்கு மைதா இல்லை, ரவைதான். வெண்ணெயும் முட்டையும் முந்திரியும் உலர்பழமும் ரம்மும் சேர்ந்து ஊறிக் கனத்துப்போன ரவை. முஸ்லிம் வீடுகளில் தம்ரூட்டும் ரவைதான்; பால், முட்டை, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிளறி, மேலே தீக்கங்கு வைத்து ஒரு காலத்தில் சுட்டார்கள், இப்போது அவனில் வைக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் வீட்டில் அதே ரவை கேசரியாகிறது. முந்திரி மூன்று வீட்டுக்குமே பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. ஒருவர் வீட்டுப் பண்டத்தை இன்னொருவர் பண்டிகை நாளில் தட்டில் வாங்கிச் சாப்பிடுகிறோம். செய்முறையைக் கேட்டு வாங்குவதில்லை. கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். விவிகமும் தம்ரூட்டும் ஒரு ஆழாக்கு வேலை இல்லை என்று தெரியும். அவை ஞாயிற்றுக்கிழமைக்கு.

வார நாளுக்குத் திரும்புகிறேன். கேழ்வரகு மாவு வீட்டில் இருந்தால் அடை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் கேழ்வரகு பிஸ்கட், கேழ்வரகு நூடுல்ஸ் என்று கடை நிறைய வந்துவிட்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள், எத்தனையோ பாக்கெட்டில் கோதுமை மாவும் சர்க்கரையும் முன்னால் நிற்கும், கேழ்வரகு பின்னால் நிற்கும். மாவாக வாங்கினால் அந்தச் சந்தேகமே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது; வளரும் எலும்புக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு கைப்பிடி மாவில் உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், முருங்கைக்கீரை போட்டு, தண்ணீரை நன்றாகச் சுட வைத்துத் தெளித்துப் பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போதே விண்டுபோகும். கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை இதில் கிடையாது. வெந்நீர் பட்டு மாவு கொஞ்சம் வெந்தால்தான் ஒன்றோடொன்று பிடிக்கும். வாழை இலையில் தட்டி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, கல்லில் இடுங்கள். கீரையை ஒதுக்குகிற பிள்ளை என்றால் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சூடாக ஊற்றி, தேங்காய்ப் பூவும் எள்ளும் போட்டு இனிப்பாகத் தட்டுங்கள்.

நேரமே இல்லாத நாளுக்குச் சர்க்கரைவள்ளி, மரவள்ளி. வேகவைத்தால் முடிந்தது. தை மாதத்தில் பனங்கிழங்கு. நார் எடுத்து உடைத்துச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அரை மணி நேரம் செல்போனைத் தேடாது.

வெல்லம் போட்டால் தப்பு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வெல்லமும் சர்க்கரைதான். அளவு குறைய வேண்டும். வீட்டில் பொரித்தால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயை வடிகட்டிக் கார்த்திகை வரைக்கும் ஓட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தை விட வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருட்கள் சேருகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் கடைகளுக்குச் சட்டமே இருக்கிறது. நம் வீட்டு அடுப்படிக்கு எந்த அதிகாரியும் அளவுகோலோடு வரப்போவதில்லை. நிறம் கறுத்து, நுரைத்து, பிசுபிசுக்க ஆரம்பித்த எண்ணெயை நாமேதான் கீழே வைக்க வேண்டும். அதனால்தான் இந்த மடலில் ஒரு பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் இடம் கொடுக்கவில்லை. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பெஞே எனக்கு மிகவும் பிடிக்கும். அதுவும் விசேஷ நாளோடு நிற்கட்டும்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலே சொன்ன எதற்கும் பல வருஷத்துக் கைப்பழக்கம் தேவையில்லை. ரொட்டியைப் பாலில் முக்கிக் கல்லில் போடவும், மல்லாட்டை வறுக்கவும் உங்களுக்குத் தெரியாமல் போகாது. வாரத்தில் இரண்டு சாயங்காலத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால்தான் இது ஓடும். எல்லாவற்றையும் அம்மாவின் தலையில் ஏற்றினால் மூன்றாவது வாரம் பாக்கெட் திரும்பி வந்துவிடும். சாயங்காலம் வீட்டில் இருப்பது ஆயாவும் தாத்தாவும்தான் என்றால் அடுப்பு வேலையை அவர்களிடம் தள்ளாதீர்கள். முந்தின ராத்திரியே உருண்டை பிடித்து வைத்துவிடுங்கள், எடுத்துக் கொடுப்பது மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

கடைசியாக, நாம் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2023-24 கல்வியாண்டிலிருந்து நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. தன் கீழ் உள்ள பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்க வேண்டும் என்று சிபிஎஸ்இ 2025 மே மாதம் சுற்றறிக்கை அனுப்பியது. பிள்ளைகள் விரும்பிக் குடிக்கும் பானத்திலும் தின்னும் பண்டத்திலும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அந்தப் பலகை காட்ட வேண்டும். நாலிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் கிடைக்கும் சக்தியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்தே வருகிறது, 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கிறதா, அலுவலக அறைக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகைக்கு இடம் கேளுங்கள். வாரம் ஒரு வீட்டுச் செய்முறை, பிள்ளையின் கையெழுத்தில். எந்த வீட்டில் செய்ததோ அந்த வீட்டுப் பிள்ளையே எழுத வேண்டும்: என்னென்ன வேண்டும், எவ்வளவு நேரம், தான் செய்த வேலை எது. செய்து பார்த்த மற்றப் பிள்ளைகள் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டே வரட்டும். கோடு அதிகம் விழுந்த பண்டத்தை ஆண்டு விழாவில் பெற்றோரே செய்து கொண்டுவரலாம். பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பள்ளி வாசலில் கூடை வைத்திருக்கும் பெண்களையும் அதே கூட்டத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டை ஒழிக்கிறோம் என்று கிளம்பி அவர்களையும் சேர்த்து விரட்டிவிடக் கூடாது. அவர்கள் கூடையில் இருப்பது அவித்த மல்லாட்டை, கிழங்கு, கொய்யா, மாங்காய்க் கீற்று. மூடி போட்ட பாத்திரமும், கை கழுவத் தண்ணீரும், பழைய செய்தித்தாளுக்குப் பதில் மந்தாரை இலையோ வாழை இலையோ இருந்தால் அதைவிட நல்ல கடை பள்ளிக்குத் தேவையில்லை. அந்தத் தண்ணீர்க் குழாய்க்கும் நிழலுக்கும் பள்ளி நிர்வாகத்திடம் கேட்க நம்மால் முடியும்.

பலகைக்கு முதல் வாரம் எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் மல்லாட்டை உருண்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவு மேலே இருக்கிறது. இரண்டாவது வாரம் முல்லா வீதி வீடு ஒன்றிலிருந்து வரட்டும், மூன்றாவது வாரம் வைத்திக்குப்பத்திலிருந்து வரட்டும். அங்கே சாயங்காலம் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்
புதுச்சேரி